அம்மம்மாவின் கணக்குப் பாடம்

போன கிழமை சித்தியின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். கடை ரசீது. ஒரு சாண்ட்விச், ஒரு குளிர்பானம், வரியோடு மொத்தம் 6.66 டொலர். கீழே ஒரே ஒரு வரி: "அக்கா, இது பிரச்சினையா?"

அவனுக்குப் பதினாலு வயது. பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டிருந்தான். ஆனால் பகிடிக்குக் கேட்கிறவன் இரவு பதினொன்றரைக்குக் கேட்கமாட்டான். அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அது எனக்கும் இருந்தது. அதை என்னிடமிருந்து எடுத்துப்போட்டவர் என் அம்மம்மா. அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுகொண்டே போனதால், உங்களுக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

அம்மம்மா இளவாலையில் கணக்கு ரீச்சராக இருந்தவர். 2003இல் கனடாவுக்கு வந்து எங்களோடு ஸ்காபரோவில் இருந்தார். இரண்டு அறை அப்பாட்மென்டில் அவருக்கும் எனக்கும் ஒரே அறை. அவருடைய கட்டிலின் தலைமாட்டில் மூன்று பொருட்கள் எப்போதும் இருக்கும்: செபமாலை, பைபிள், சீவி வைத்த பென்சில்.

2011 மே மாதம் எனக்குப் பதின்மூன்று வயது. மே 21ஆம் திகதி உலகம் முடியப்போகிறது என்று வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னாள். அமெரிக்காவில் ஹரல்ட் காம்பிங் என்ற வானொலிப் பிரசங்கி கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டாராம், பைபிளிலேயே இருக்கிறதாம். நான் வீட்டுக்கு வந்து இன்டர்நெட்டில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. அன்றிரவு நித்திரை வரவில்லை.

"என்ன பிள்ளை, புரண்டு புரண்டு படுக்கிறாய்?" என்று அம்மம்மா கேட்டார். அழுதுகொண்டே சொன்னேன். அவர் லைற்றைப் போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரி, அந்தாள் என்ன கணக்குப் போட்டவர் எண்டு சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். 5 என்றால் மீட்பு. 10 என்றால் முழுமை. 17 என்றால் விண்ணகம். மூன்றையும் பெருக்கினால் 850. அதை மீண்டும் அதே எண்ணால் பெருக்கினால் 7,22,500. இயேசு சிலுவையில் அறையப்பட்ட நாள் கி.பி. 33 ஏப்ரல் 1 என்று அவர் எடுத்துக்கொண்டார். அதிலிருந்து அத்தனை நாட்கள் எண்ணினால் 2011 மே 21 வருகிறது.

அம்மம்மா ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் பெருக்கிப் பார்த்தார்.

"பெருக்கல் சரி."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. "அப்ப உலகம் முடியுமா?"

"பெருக்கல் சரி எண்டுதான் சொன்னனான். கணக்குச் சரி எண்டு சொல்லேல்லை. அஞ்செண்டால் மீட்பு எண்டு ஆர் சொன்னது? அதை ஏன் பெருக்கவேணும்? ஏன் கூட்டக்கூடாது? விடையை முதல் வைச்சுக்கொண்டு பிறகு வழியைத் தேடுறது கணக்கில்லை மோனை. அந்த நாளும் நேரமும் தனக்கே தெரியாது எண்டு இயேசுவே சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரியாதது ரேடியோக்காரனுக்குத் தெரியுமே? படு."

மே 21 ஒரு சனிக்கிழமை. மாலை ஆறு மணி என்று குறித்திருந்தார்கள். நான் குசினியில் நின்று மைக்ரோவேவ் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 6:00. 6:01. அம்மம்மா பின்னால் வந்து, "முடிஞ்சுதே? அப்ப தேத்தண்ணி போடு" என்றார்.

(காம்பிங் பிறகு அந்தத் திகதியை ஒக்டோபர் 21க்குத் தள்ளிப்போட்டார். அதுவும் கடந்து போனது. அடுத்த வருடம், தான் பிழைவிட்டதாக அவரே ஒத்துக்கொண்டார்.)

ஆனால் அன்றைக்கு எனக்குள் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. அந்த எண்களுக்கு ஒரு பொருளுமே இல்லையென்றால், பைபிளில் ஏன் திரும்பத் திரும்ப 7, 12, 40 என்று வருகிறது? அதைக் கேட்டேன். அம்மம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு. முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவருக்கு அப்படி ஒரு கேள்வி கிடைத்தால் விடுவாரா? அடுத்த சில வருடங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அதுதான் எங்கள் பாடம்.

முதல் பாடத்தை அம்மாவை வைத்தே தொடங்கினார். "கொம்மா உனக்கு அறையைத் துப்புரவாக்கச் சொல்லி எத்தினை தரம் சொன்னவ?"

"நூறு தரம் எண்டு சொல்லுவா."

"நீ எண்ணினனியே?"

"இல்லை."

"அவ பொய் சொல்லுறாவே?"

"இல்லை…"

"அதுதான். நூறு எண்டது அவவின்ர கோபத்தின்ர அளவு. எண்ணிக்கை இல்லை. பைபிளில வாற கனக்க எண்கள் அப்பிடித்தான். எவ்வளவு எண்டு கேளாதை. என்ன மாதிரி எண்டு கேள்."

இப்போது யோசித்தால் எனக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைத்ததில்லை. நாங்களும் "ஆயிரம் வேலை கிடக்கு" என்கிறோம், "நாலு பேர் என்ன சொல்லுவினம்" என்கிறோம். யாரும் அந்த நாலு பேரின் பெயரைக் கேட்பதில்லை.

40ஐ எடுத்துப் பாருங்கள். நோவாவின் காலத்தில் 40 நாள் மழை. மோசே சீனாய் மலையில் 40 நாள். எலியா ஓரேபு மலைக்கு 40 நாள் நடக்கிறார். நினிவே நகருக்கு யோனா கொடுக்கும் தவணை 40 நாள். இயேசு பாலைநிலத்தில் 40 நாள். உயிர்த்த பிறகு விண்ணேற்றம் வரைக்கும் 40 நாள். இஸ்ரயேல் மக்கள் பாலைநிலத்தில் 40 வருடம். அதற்கு எண்ணிக்கை நூலில் ஒரு காரணமும் இருக்கிறது: கானான் நாட்டை வேவு பார்த்த 40 நாட்களில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வருடம்.

எல்லாவற்றிலும் ஒரே கதைதான். மழைக்கு முன் ஒரு உலகம், பின் வேறு உலகம். பாலைநிலத்துக்கு முன் அடிமைகள், பின் ஒரு மக்களினம். 40 என்றால் ஒருவர் மாறுவதற்கு எடுக்கிற காலம். தவக்காலமும் அப்படித்தான். திருநீற்றுப் புதனில் இருந்து பாஸ்காவுக்கு முந்திய சனி வரைக்கும் எண்ணிப் பார்த்தால் 46 நாள் வரும். ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் 40. நான் இதைக் கண்டுபிடித்து, "அப்ப ஞாயிற்றுக்கிழமை சொக்லேற் சாப்பிடலாம்" என்று அம்மம்மாவிடம் வாதாடி வென்றது தனிக்கதை.

அடுத்தது 7. உலகம் படைக்கப்பட்ட கதையிலேயே ஏழாம் நாள் ஓய்வு நாள். நான் 7 என்றால் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். ஆனால் எபிரேய மொழியில் ஏழு என்ற சொல்லும் ஆணையிடுதல் என்ற சொல்லும் ஒரே வேரில் இருந்து வருகின்றன. ஆபிரகாம் ஒரு கிணற்றுக்காக அபிமெலக்கு என்ற அரசனோடு பிணக்குப்படுகிறார். பிறகு ஏழு பெண் ஆட்டுக்குட்டிகளைக் கொடுத்து உடன்படிக்கை செய்கிறார். அந்த இடத்துக்குப் பெயேர்செபா என்று பெயர் வருகிறது. ஏழின் கிணறு என்றும் சொல்லலாம், ஆணையின் கிணறு என்றும் சொல்லலாம். ஆக 7 என்றால் முழுமை மட்டுமில்லை. கொடுத்த வாக்கும்தான்.

இன்னொரு ஏழும் இருக்கிறது. இணைச்சட்ட நூலில், ஏழு ஆண்டுகளுக்கு ஒரு தரம் உன் சகோதரன் உனக்குத் தரவேண்டிய கடனை விட்டுவிடு என்று ஒரு சட்டம். இதை அம்மம்மா எனக்குச் சொன்னது பிறகுதான். ஏன் என்றும் பிறகு சொல்கிறேன்.

இப்போது 666க்கு வருவோம். என் மச்சான் பயந்த எண்.

இதற்கு அம்மம்மா தமிழில் இருந்து தொடங்கினார். "எட்டேகால் எண்டால் என்ன?" என்று கேட்டார். நான் முழித்தேன். பழைய தமிழ் எண்களில் எட்டு என்பதை 'அ' போல எழுதுவார்கள். கால் என்பதை 'வ' போல எழுதுவார்கள். ஔவையார் தன்னைச் சீண்டிய ஒரு புலவரை எட்டேகால் லட்சணம் என்று திட்டினாராம். எட்டும் காலும் சேர்ந்தால் 'அவ'. அவலட்சணம்! கேட்டவருக்கு விளங்கும், விளங்காதவர் ஏதோ பாராட்டு என்று நினைத்துக்கொண்டு போவார்.

எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளே எண்கள்தான். அதனால் எந்தப் பெயரையும் கூட்டி ஒரு எண்ணாகச் சொல்லலாம். திருவெளிப்பாடு நூலை எழுதியவர் ரோமப் பேரரசின் கீழ் பத்மு தீவில் இருந்தவர். விலங்கின் எண் 666, அது ஒரு மனிதனைக் குறிக்கும் எண், அறிவுள்ளவர் கணித்துப் பார்க்கட்டும் என்று எழுதுகிறார். பிறகு நான் யூனிவர்சிற்றியில் ஒரு சமய வரலாற்று வகுப்பு எடுத்தபோது அந்தக் கணக்கை முழுதாகப் பார்த்தேன். நீரோ சீசர் என்ற பெயரைக் கிரேக்க உச்சரிப்பின்படி எபிரேய எழுத்துகளில் எழுதினால்: 50, 200, 6, 50, 100, 60, 200. கூட்டிப் பாருங்கள். 666.

இன்னொரு சுவாரசியம் இருக்கிறது. சில பழைய பிரதிகளில் அந்த எண் 666 இல்லை, 616! எகிப்தில் ஒக்சிரிங்கஸ் என்ற இடத்தில் கிடைத்த, ஏறக்குறைய 1700 வருடப் பழைய பப்பைரஸ் துண்டு ஒன்றில் அப்படித்தான் இருக்கிறது. ஏன்? லத்தீன் வழக்கப்படி நீரோவின் பெயரை எழுதினால் கடைசி எழுத்து ஒன்று இல்லாமல் போகும். அந்த எழுத்தின் பெறுமதி 50. 666இல் 50 போனால் 616. இரண்டு எண்ணும் ஒரே ஆளிடம் வந்து நிற்கின்றன. அதனால்தான் பல அறிஞர்கள் இது நீரோ என்று சொல்கிறார்கள்.

நீரோ கிறிஸ்தவர்களைக் கொடூரமாகக் கொன்ற அரசன். அவன் போன பிறகும் அந்த அதிகாரம் போகவில்லை. அந்தப் பயத்துக்குள் இருந்த மக்களுக்கு, வெளியில் யாருக்கும் விளங்காமல், "கொடுமைக்காரன் கடவுள் இல்லை, அவனுக்கும் முடிவுண்டு" என்று சொல்ல ஒருவர் எழுதிய சங்கேதம் அது. பெயரை வெளிப்படையாகச் சொல்ல முடியாத காலங்கள் எப்படியிருக்கும் என்று எங்கள் அம்மா அப்பாமாருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. போனில் ஊருக்குக் கதைக்கும்போது அவர்களும் எத்தனையோ விஷயங்களைச் சுற்றி வளைத்துத்தான் கதைத்தார்கள்.

ஆகவே, தம்பி, உன்னுடைய சாண்ட்விச்சுக்கும் நீரோவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாப்பிடு.

எல்லா எண்ணுக்கும் அம்மம்மா பொருள் தேடியதில்லை. யோவான் நற்செய்தியின் கடைசியில், உயிர்த்த இயேசு சொன்னபடி வலை போட்டபோது 153 பெரிய மீன்கள் பிடிபட்டதாக வருகிறது. ஏன் சரியாக 153? நான் பெரிய ஆராய்ச்சியோடு வந்தேன். ஒன்றில் இருந்து 17 வரைக்கும் கூட்டினால் 153. 17 என்பது பத்துக் கட்டளையும் தூய ஆவியின் ஏழு கொடையும் என்று புனித அகுஸ்தீன் விளக்கியிருக்கிறார். அம்மம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனால் நான் சேந்தாங்குளத்துக் கடற்கரையில மீன் வாங்கி வளந்தனான். வலை கரைக்கு வந்தால் எண்ணத்தானே வேணும்? எண்ணினால்தான் பங்கு பிரிக்கலாம். ஏழு பேர் வலை இழுத்தவை, ஒருத்தனும் வெறுங்கையோட வீட்டை போகக்கூடாது எண்டதுக்காகத்தான் எண்ணியிருப்பினம்."

அகுஸ்தீனா அம்மம்மாவா என்று கேட்டால், எனக்கு இன்றைக்கும் பதில் சொல்லத் தெரியாது.

இவ்வளவும் பாடம். இனிச் சொல்லப்போவது வீட்டுக்கணக்கு.

2012இல் அம்மாவுக்கும் மாமாவுக்கும் கதை பேச்சு நின்றது. மாமா அம்மாவின் ஒரே தமையன். கல்யாணம் கட்டவில்லை. ஒரு சின்னக் கடை போடுவதற்காக அம்மாவிடம் பதினெட்டாயிரம் டொலர் வாங்கினார். அம்மா ஃபக்டரியில் இரண்டு ஷிப்ட் நின்று சேர்த்த காசு, வீடு வாங்க வைத்திருந்தது. பத்து மாதத்தில் கடை மூடப்பட்டது. காசு போனதைவிட, கடை மூடிய செய்தியை ஊரார் வாயால் கேட்டதுதான் அம்மாவைச் சுட்டது. மாமா வெட்கத்தில் வீட்டுப்பக்கம் வரவில்லை. அம்மா அதை ஏமாற்று என்று எடுத்துக்கொண்டார். பிறகு மாமா அம்மம்மாவைப் பார்க்க வருவது அம்மா வேலைக்குப் போன நேரங்களில் மட்டும். நான்தான் கதவு திறப்பேன். அவர் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைப்பதும் நான்தான்.

அம்மாவிடம் ஒரு சின்னக் கொப்பி இருந்தது. அதில் 18,000 என்று எழுதி, மாமா எப்போதோ ஆள் மூலம் அனுப்பிய இருநூறு, முந்நூறைக் கழித்து எழுதியிருப்பார்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் அம்மம்மா மெதுவாகத் தொடங்கினார். பேதுரு இயேசுவிடம் கேட்ட கேள்வி. என் சகோதரன் எனக்குப் பிழை செய்தால் எத்தனை தரம் மன்னிக்கவேண்டும், ஏழு தரமா? ஏழு தரமில்லை, எழுபது தடவை ஏழு என்று இயேசு சொல்கிறார்.

அம்மா தலை நிமிரவில்லை. "நானூற்றித் தொண்ணூறு. சரி அம்மா, எண்ணிக்கொண்டு வாறன்."

"நானூற்றித் தொண்ணூறு வரைக்கும் எண்ணுறவள் மன்னிக்கேல்லைப் பிள்ளை. கணக்கு வைச்சிருக்கிறாள்."

அம்மா எழும்பிப் போய்விட்டார். யாருக்கும் அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றிரவு அறையில் அம்மம்மா எனக்குத் தொடக்க நூலைத் திறந்து காட்டினார். காயினின் வழியில் வந்த இலாமேக்கு என்று ஒருவன். தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றதாகத் தன் மனைவியருக்குப் பெருமை பேசுகிறான். காயினுக்காக ஏழு மடங்கு பழி என்றால் எனக்காக எழுபத்தேழு மடங்கு என்கிறான். பழிவாங்கலுக்கு அளவே இல்லை என்பதைச் சொல்லுகிற எண் அது. பிறகு நான் படித்தபோது தெரிந்தது, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இலாமேக்கு சொல்லும் எண்ணும், மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்லும் எண்ணும் ஒரே சொற்கள். எழுபத்தேழு என்றும் வாசிக்கலாம், எழுபது தடவை ஏழு என்றும் வாசிக்கலாம். பழிக்கு எல்லை இல்லை என்றவனின் எண்ணையே எடுத்து, மன்னிப்புக்கு எல்லை இல்லை என்று திருப்பிப் போட்டிருக்கிறார்.

அந்த இரவுதான் அம்மம்மா 1995 பற்றியும் சொன்னார். ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் தென்மராட்சிக்குப் போகச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பு. இரவு, மழை, நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் ஒரே வீதியில் லட்சக்கணக்கான சனம். அம்மம்மாவோடு மாமா, அம்மா, சித்தி. பத்தடிக்கு ஒரு தரம் அம்மம்மா எண்ணுவாராம். ஒண்டு, ரெண்டு, மூண்டு. ஒண்டு, ரெண்டு, மூண்டு.

"ஒருக்கால் எண்ணேக்கை ரெண்டுதான் வந்தது. கொம்மாவைக் காணேல்லை. நான் அந்த இடத்திலேயே இருந்திட்டன். கொண்ணா… உன்ர மாமன், தலையில இருந்த சூட்கேசைப் போட்டிட்டு, வந்த சனத்துக்கு எதிராத் திரும்பி நடந்தவன். எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. விடியப்பறம் கொம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தான். அந்தச் சூட்கேசுக்குள்ளதான் எங்கட நகை, உறுதி எல்லாம் இருந்தது. போனது போனதுதான். ஒருத்தரும் கேக்கேல்லை."

"இதை அம்மாவுக்கு ஞாபகப்படுத்துங்கோவன்," என்றேன்.

"ஞாபகமில்லை எண்டு நினைக்கிறியே? சொல்லிக்காட்டினால் அதுவும் ஒரு கடன் ஆயிடும்."

அம்மம்மா மேலும் ஆறு வருடங்கள் இருந்தார். 2018 கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோதுதான் அந்த ஏழாம் ஆண்டுச் சட்டத்தை எனக்குச் சொன்னார். "வாற வருசம் ஏழு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. 2019 பெப்ரவரியில், நல்ல பனி கொட்டிய ஒரு நாளில், போய்விட்டார்.

செத்த வீட்டுக்கு மாமா வந்தார். கோயிலில் கடைசி வாங்கில் இருந்தார். அம்மாவும் அவரும் கதைக்கவில்லை.

31ஆம் நாள் பூசை முடிய வீட்டில் சின்னதாக ஒரு சாப்பாடு. முதல்நாள் இரவு அம்மா குசினியில் நின்று, "எத்தினை பேர் எண்டு எண்ணு" என்றார். நான் விரல் விட்டேன். நாங்கள் நாலு பேர். மொன்றியலில் இருந்து சித்தி குடும்பம் நாலு பேர். அப்பாவின் அக்காவும் புருஷனும். பக்கத்து அப்பாட்மென்ட் அன்ரி.

"பதினொண்டு அம்மா."

12 என்ற எண்ணைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. இஸ்ரயேலின் குலங்கள் 12. லேவி குலம் கோயில் பணிக்கென்று பிரிந்ததும், யோசேப்பின் குலம் எப்ராயிம், மனாசே என்று இரண்டாகி மறுபடி 12 ஆகிவிடும். திருத்தூதர் 12. யூதாசு போய்ப் பதினொருவர் ஆனதும், அவர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று சீட்டுப் போட்டு மத்தியாவைச் சேர்த்துக்கொண்டது. 12 என்றால் பெரிய தொகை இல்லை. ஒருவரும் குறையாமல் இருக்கிறோம் என்பதுதான். இதை அம்மம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது அம்மா குசினியில்தான் நின்றார். கேட்டாரோ தெரியாது.

அம்மா அரிசியை அளந்துகொண்டே இருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பன்ரெண்டு," என்றார். "கொம்மாமனுக்கு நீயே போன் எடுத்துச் சொல்லு."

சினிமா மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. மாமா வந்தார். அம்மா சோறு போட்டார். "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டார். ஏழு வருடத்தில் அவர்கள் பேசிய முதல் வார்த்தை அதுதான். மாமா "காணும்" என்றார். பிறகு, "போடு" என்றார். அவ்வளவுதான். காசு இன்றைக்கும் முழுதாக வரவில்லை. சில நாட்களில் அம்மாவுக்கு அந்தக் கோபம் திரும்ப வரும், சட்டிபானைச் சத்தத்தில் தெரியும். எழுபத்தேழு என்று ஏன் சொன்னார் என்று அப்போதுதான் எனக்கு விளங்குகிறது. ஒரு தரம் மன்னித்தால் முடிகிற வேலை இல்லை. அதே பிழையை, அதே ஆளை, திங்கட்கிழமையும் மன்னிக்க வேண்டியிருக்கும், செவ்வாய்க்கிழமையும் மன்னிக்க வேண்டியிருக்கும்.

அந்தச் சின்னக் கொப்பியை அதற்குப் பிறகு நான் காணவில்லை. எங்கே என்று கேட்கவுமில்லை.

என் மச்சானுக்குக் கடைசியாக எழுதியதை உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். எண்ணைக் காட்டி உன்னைப் பயப்படுத்துகிறவர்களிடம் கவனமாக இரு. அது ரசீதாக இருந்தாலும் சரி, வட்ஸ்அப்பில் வரும் தீர்க்கதரிசனமாக இருந்தாலும் சரி. எண்ணுவதில் இரண்டு வகை இருக்கிறது. தாவீது அரசர் தன் படைப்பலத்தைப் பார்க்க மக்களை எண்ணினார், அது அவருடைய பெரிய பிழைகளில் ஒன்றாகவே பைபிளில் எழுதப்பட்டிருக்கிறது. நூறு ஆடு வைத்திருந்த இடையனும் எண்ணினான். 99 தான் வந்தது. அவன் அந்தத் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டுத் தேடப் போனான். முதல் ஆள் தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணினார். இரண்டாவது ஆள் யாரைக் காணவில்லை என்று எண்ணினார்.

இன்றிரவு சாப்பாட்டுக்கு இருக்கும்போது உங்கள் வீட்டு மேசையையும் ஒரு தரம் எண்ணிப் பாருங்கள். ஒண்டு, ரெண்டு, மூண்டு. யாராவது குறைகிறார்களா?